வாயைக் கட்டினார், வயதைக் கூட்டினார்!

இத்தாலியில் பதுவா நகரில் வாழ்ந்த செல்வர் கொர்னாரோ. இளமையில் விருந்தும் மதுவுமாகத் திளைத்தார். 40 வயதுக்குள் வயிற்று வலி, காய்ச்சல், தீராத தாகம்! மருந்து எதுவும் பலிக்கவில்லை. உணவைக் குறைத்தால்தான் உயிர் தங்கும் என்று வைத்தியர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டனர்.

அன்று முதல் வாயைக் கட்டினார். ரொட்டி, முட்டை, இறைச்சி, சூப் எல்லாம் சேர்த்து நாளுக்கு 12 அவுன்சுதான். திராட்சை மது 14 அவுன்சு. ஓராண்டில் நோய் பறந்தது.

முதுமையில் உறவினர்கள் வற்புறுத்தினார்கள். உணவிலும் மதுவிலும் 2 அவுன்சு கூட்டினார். சில நாட்களில் படுத்த படுக்கையானார்! பழைய அளவுக்குத் திரும்பினார், பிழைத்தார்.

தம் அனுபவத்தை நூலாக எழுதி, 1558-ல் வெளியிட்டார். 1566-ல் இறந்தபோது 80 வயதைக் கடந்திருந்தார். மதுவை இன்றைய மருத்துவர்கள் ஏற்பதில்லை. அளவான உணவை ஏற்கிறார்கள்.