கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

கோலாப்பூரை அடுத்த கும்போஜ் என்னும் ஊரில், 1887ஆம் ஆண்டு சமணக் குடியில் தோன்றியவர் பாவுராவ் பாட்டீல். கோலாப்பூரில் சமண மாணவர் விடுதியில் தங்கிப் பயின்றபோது, தீண்டத்தகாதார் எனப்பட்ட மாணவருக்கென அமைந்த விடுதியின் திறப்பு விழாவிற்குச் சென்றுவந்தார். நீராடித் தீட்டுக் கழித்த பின்னரே உணவு என்றனர் விடுதியார். எறும்பிற்கும் இரங்கும் அறத்தில் மனிதரால் தீட்டு ஏது? அவர் மறுத்தார், வெளியேற்றப்பட்டார். நம்மவர் விடுதியிலேயே இது நிகழ்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவருக்கு ஆதரவளித்தவர் சாகு மகாராஜர்.

உழவர் மக்களின் கல்விக்காக 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். 1924இல் சாத்தாராவில் அவர் தொடங்கிய விடுதியில் எல்லாச் சாதிச் சிறுவரும் ஒருங்கே தங்கினர்; ஒரே பந்தியில் உண்டனர்; வேலைகளையும் பகிர்ந்து செய்தனர். 1927இல் காந்தியடிகள் முன்னிலையில் அவ்விடுதி சாகு மகாராஜரின் பெயரைப் பெற்றது.

ஆகார தானமும் சாத்திர தானமும் அங்கே ஒரு கூரையின்கீழ் நடந்தன. ஆனால் பொருள்முடை ஓயவில்லை. பிள்ளைகள் பசித்திருக்கப் பொறாத துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை ஒவ்வொன்றாக ஈந்தார். முடிவில் மங்கலநாணையும் கழற்றித் தந்தார். அவ்வம்மையார் 1930இல் மறைந்தார்.

விடுதிகளும் பள்ளிகளும் பெருகின. 1947இல் சாத்தாராவில் எழுந்த சிவாஜி கல்லூரியில் ஏழை மாணவர் உழைத்து ஈட்டியே பயின்றனர். பத்மபூஷண் விருது பெற்ற 1959ஆம் ஆண்டிலேயே, மே 9 அன்று பாவுராவ் மறைந்தார்.