ஆசிரியத் துறவி விபுலாநந்த அடிகள்

கிழக்கிலங்கையில் காரைதீவு எனும் பழம்பதியில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியர்க்கு 1892 ஆம் ஆண்டு மைந்தராய்த் தோன்றியவர் மயில்வாகனனார். பின்னாளில் முத்தமிழ் வித்தகர் விபுலாநந்த அடிகள் எனத் தமிழுலகம் போற்றியவர் இவரே. யாழ் நூல் தந்த அறிஞராக இவரைப் பலரும் அறிவர். ஆசிரியப் பணியின் சுமையை முழுதும் சுமந்தவர் என்பதைச் சிலரே எண்ணுவர்.

கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்ற இவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். ஊரார் மதிப்பும் நல்ல ஊதியமும் கைகூடியிருந்த வேளையில், 1922 இல் அப்பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் புகுந்தார்.

கற்பித்தலில் சலிப்புற்று ஓடினார் என எவரும் கருதலாகாது. கொடுத்துக்கொண்டே இருக்கும் உள்ளத்துக்கு ஊற்றும் வேண்டுமன்றோ! அவ்வூற்றைத் தேடியே அவர் சென்றார் என்பது அடியேன் துணிபு. 1924 இல் சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்றவர், 1925 இல் இலங்கைக்கு மீண்டு தழுவியது மீண்டும் பள்ளிக்கூடங்களையே! மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பு அவர் தோள்மேல் ஏறியது. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929 இல் எழுந்தது.

வாரமெல்லாம் பிறர் இல்லங்களில் உழைத்துவிட்டு, ஓய்வுநாளில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் நம் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் காட்டும் ஆசிரியர்கள் களைப்பை நன்கறிவர். இனி என்னால் இயலாது என்ற எண்ணம் அவர்களுக்கும் எழுவதுண்டு. அடிகளார் வாழ்வில் நாம் ஊன்றி நோக்கற்பாலது, நாள்தோறும் அவர் தமக்கெனக் காத்துக்கொண்ட தியானமும் கல்வியுமே. 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோதும், அருகிலிருந்த திருவேட்களத்தின் ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று சிறுவர்க்குக் கற்பித்தார். எஞ்சிய பொழுது சிலப்பதிகாரத்துக்கு உரியதாயிற்று. வழக்கொழிந்துபோன பண்டைய யாழ்களின் அமைப்பையும் நரம்புகளின் சுருதி அளவுகளையும் கணிதங்கொண்டு ஆய்ந்தார். விஞ்ஞான வகுப்பில் பழகிய கணக்கறிவே இங்குக் கைகொடுத்தது. பல்லாண்டுகள் நீண்ட இவ்வாய்வை எவரும் அவர்மேல் சுமத்தவில்லை. பணிச்சுமைக்கு நடுவே அவர் விரும்பி ஏற்ற இன்பம் அது.

பின்னர் இமயச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராக இருந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிந்திருந்த நிலையிலும், 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூலை அரங்கேற்றினார். ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின், அவ்வாண்டு சூலை 19 ஆம் நாள் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டு, மாணவர் ஓடியாடும் சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே சமாதி வைக்கப்பட்டது.