கமலாவைப் படைத்த ராஜலட்சுமி

திருவையாற்றில் 1911-ல் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்த பெண் அவர். அந்நாளைய வழக்கப்படி பொம்மை வைத்து விளையாடும் வயதிலேயே கலியாணம் நடந்தது. அது நிலைக்கவில்லை. குழந்தை பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். தகப்பனாரும் காலமானார். இனி என்ன? தாயும் மகளும் திருச்சிக்கு வந்தார்கள். சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சிறுமிக்கு இடம் கிடைத்தது.

நாடகக்காரி என்றால் ஊர் முகம் சுளித்த காலம் அது. ஆனால் டி. பி. ராஜலட்சுமியின் பாட்டு என்றால் அதே ஊர் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடிவந்தது!

மேடையிலிருந்து மௌனப் படம்; அங்கிருந்து டாக்கி. 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்துக்கு அவரே கதாநாயகி. எச். எம். ரெட்டி டைரக்ட் செய்து பம்பாயில் எடுத்த படம். இவர் தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார்! ஜனங்களுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. திரை பேசுகிறதே, அது போதாதா? கதைக்குச் சம்பந்தமில்லாமல் இவர் பாடிய ராட்டினப் பாட்டுக்கும் ஏக வரவேற்பு. 1933-ல் வந்த 'வள்ளி திருமணம்' அவர் புகழை உச்சிக்குக் கொண்டுபோயிற்று. 'சினிமா ராணி' என்று பட்டம் வந்தது. நாடக நடிகர் டி. வி. சுந்தரத்தைத் தாமாகவே விரும்பி மணந்துகொண்டார்.

ராணியாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் பேனாவைப் பிடித்தார். 'கமலவல்லி' என்று ஒரு நாவல் எழுதினார். காதலித்தவன் ஒருவன், கழுத்தில் தாலி கட்டியவன் வேறொருவன் என்று தவிக்கும் பெண்ணின் கதை. கேளாமலே கலியாணம் செய்துவைக்கப்பட்ட ஒருத்தி எழுதிய கதை அது என்பதை நாம் மறக்கலாகாது.

அந்தக் கதைதான் 1936-ல் 'மிஸ் கமலா' என்று படமாக வந்தது. புராணப் படங்கள் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் ஒரு சமூகக் கதை! கதை, தயாரிப்பு, டைரக்ஷன், கதாநாயகி வேஷம், எல்லாம் அவரே. பம்பாயில் பாத்மா பேகம் 1926-லேயே படம் டைரக்ட் செய்திருந்தார். தென்னாட்டில் ராஜலட்சுமிக்கு முன்னால் எந்தப் பெண்ணும் செய்ததில்லை. தம் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

சொந்தப் படத் தயாரிப்பு யாரைத்தான் விட்டது? சம்பாதித்த பணம் அதிலேயே கரைந்தது. 1964-ல் அவர் காலமானார்.

'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. தமிழ்ப் படத்தில் முதன்முதலாகப் பேசிய கதாநாயகியின் அந்தக் குரலை நாம் கேட்க வழியில்லை.