யாரிடமும் கையேந்தாத டோனாவூர் அம்மா

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பங்குனி, சித்திரையில் மழை பெய்தால்தான் காபிச் செடி நன்றாகப் பூக்கும். மழை வருமா? கடன் அடையுமா? பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வழி? மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை. சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதே போன்ற கவலைதான்.

இந்த அன்றாடக் கவலைகளை எல்லாம் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்த ஒரு பெண்மணி திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்தார். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல்.

நீலக் கண்கள்

ஏமி 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அயர்லாந்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை மாவு மில் நடத்தி வந்தார். 7 குழந்தைகளில் ஏமியே மூத்தவர்.

அவருடைய கண்கள் பழுப்பு நிறம். தாயாரைப் போல் நீலக் கண்கள் வேண்டும் என்று சிறு வயதில் ஓர் இரவு ஜெபம் செய்தார். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தார். கண்கள் மாறவில்லை! குழந்தைக்கு ஏமாற்றம். ஆனால், இல்லை என்பதும் கடவுளின் பதில்தான் என்று அவர் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் சேலை கட்டித் தமிழ்ப் பெண்களோடு நடந்தபோது அந்தப் பழுப்புக் கண்களே அவருக்கு உதவின.

1885-ல் தந்தை காலமானார். குடும்பம் நொடித்தது. அப்படியும் ஏமி, பெல்பாஸ்ட் நகரில் மில்லில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொண்டு செய்தார். அவர்கள் கூட ஒரு மண்டபம் தேவைப்பட்டது. அதற்கு 500 பவுன் வேண்டும். ஏமி ஜெபம் செய்தார். ஒரு சீமாட்டி முழுப் பணத்தையும் கொடுத்தார். 1889-ல் மண்டபம் திறக்கப்பட்டது.

அடைக்கலம் தேடிய சிறுமி

1895-ல் ஏமி இந்தியாவுக்கு வந்தார். தமிழ் கற்றார். 1901 மார்ச் மாதம், பொட்டுக்கட்டிக் கோவிலுக்கு விட இருந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி அவரிடம் வந்தாள். அவள் பெயர் பிரீனா. ஏமியை அவள் அம்மா என்று அழைத்தாள். அதுவே அவருடைய பெயராக நிலைத்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாண அரசு சட்டம் போட்டுத் தடுத்தது 1947-ல்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள டோனாவூரில் குழந்தைகள் பெருகினார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளும் வந்தார்கள். பால், அரிசி, துணி, மருந்து எல்லாம் தினமும் வேண்டுமே! பணத்துக்கு என்ன செய்வது?

அம்மையார் யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை. கடன் வாங்கவும் இல்லை. உடன் உழைத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொன்னார்கள். அம்மையார் எழுதிய புத்தகங்களைப் பல நாட்டினர் படித்தார்கள். அவர்களில் பலர் தாமாகவே பணம் அனுப்பினார்கள். வீடுகள் எழுந்தன. ஆஸ்பத்திரியும் எழுந்தது.

கேட்டது கிடைக்காதபோது

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. நோய் வந்து பல பச்சைக் குழந்தைகள் இறந்தன. 1912-ல் அவருக்குத் துணையாக இருந்த வாக்கர் பாதிரியார் காலமானார். வலது கை போல உழைத்த பொன்னம்மாளைப் புற்றுநோய் 1915-ல் கொண்டுபோயிற்று. அம்மையார் அழுதார். ஆனால் மறுநாள் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் வேலை நிற்கவில்லை.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அவருடைய கால் முறிந்தது. அதன் பிறகு சுமார் 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கைதான். குணமாக வேண்டும் என்று எல்லோரும் ஜெபித்தார்கள். குணமாகவில்லை. சிறு வயதில் நீலக் கண்களுக்குக் கிடைத்த அதே பதில்! படுக்கையில் இருந்தபடியே கடிதங்களும் புத்தகங்களும் எழுதினார்.

1951 ஜனவரி 18-ந் தேதி அவர் காலமானார். அவர் விருப்பப்படி கல்லறைக்குப் பெரிய கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்று மட்டும் பொறித்தார்கள்.

நாளைய கவலையை அவர் கடவுளிடம் விட்டார். இன்றைய வேலையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.