மாக்ஸ் டைலர்

மாக்ஸ் டைலர் (ஜனவரி 30, 1899 – ஆகஸ்ட் 11, 1972) தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தீநுண்மவியல் (வைரசு இயல்) அறிஞர் ஆவார். மஞ்சள் காய்ச்சலுக்கான 17டி தடுப்பூசியை உருவாக்கியமைக்காக 1951 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலம், அமேசான் காடுகள், ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகள் ஆகியவற்றுக்குச் செல்லும் பயணிகள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, இவர் வளர்த்தெடுத்த தீநுண்ம வகையிலிருந்தே இன்றும் தயாரிக்கப்படுகின்றது.

பிறப்பும் கல்வியும்

டைலர் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். இவரது தந்தை ஆர்னால்ட் டைலர், சுவிட்சர்லாந்தில் பிறந்த புகழ்பெற்ற கால்நடை நோயியல் அறிஞர். கேப் டவுனில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய மாக்ஸ், இலண்டனில் புனித தோமையார் மருத்துவமனையிலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலும் பயின்றார். 1922 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக வெப்பமண்டல மருத்துவத் துறையில் சேர்ந்தார்.

மஞ்சள் காய்ச்சல் ஆய்வு

மஞ்சள் காய்ச்சல் கொசுக்களால் பரவுவதை வால்ட்டர் ரீடின் குழு 1900 இல் கியூபாவில் உறுதி செய்திருந்தது. ஆனால் நோய்க்கிருமி எது என்பதில் குழப்பம் நிலவியது. அது ஒரு வகை பாக்டீரியா என்று ஜப்பானிய அறிஞர் ஹிடேயோ நொகுச்சி கூறிவந்தார். அந்த பாக்டீரியா வெயில் நோய் எனப்படும் வேறொரு நோயை உண்டாக்குவதே என்று டைலரும் அவரது சக ஆய்வாளர் செல்லார்ட்சும் காட்டினர். 1927 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள், நோய்க்குக் காரணம் தீநுண்மமே என நிறுவின.

இவ்வாய்வுகள் உயிருக்கு ஆபத்தானவையாக இருந்தன. அட்ரியன் ஸ்டோக்ஸ் 1927 இலும் நொகுச்சி 1928 இலும் இந்நோயாலேயே மாண்டனர். 1929 இல் டைலருக்கும் ஆய்வுக்கூடத்தில் நோய் தொற்றியது. எனினும் அவர் குணமடைந்து, நோய் எதிர்ப்புத் திறனும் பெற்றார்.

அக்காலத்தில் விலை மிகுந்த ரீசஸ் குரங்குகளே சோதனைக்குப் பயன்பட்டன. தீநுண்மத்தை மூளையில் செலுத்தினால் சாதாரண சுண்டெலிகளுக்கும் நோய் உண்டாகும் என்று டைலர் 1930 இல் அறிவித்தார். ஒருவரது குருதியில் எதிர்ப்புத் திறன் உள்ளதா என்பதைச் சுண்டெலிகளைக் கொண்டே குறைந்த செலவில் அறிய இது வழிவகுத்தது. அதே ஆண்டில் அவர் நியூயார்க்கில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

17டி தடுப்பூசி

சுண்டெலி மூளையில் வளர்க்கப்பட்ட தீநுண்மம் கல்லீரலைத் தாக்கும் வலிமையை இழந்தது. ஆனால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஆற்றல் அதற்குக் கூடியது. இதைத் தவிர்க்க, தீநுண்மம் முதலில் சுண்டெலிக் கருவின் திசுக்களிலும், பின்னர் கோழிக்கருவிலும், இறுதியாக மூளையும் தண்டுவடமும் நீக்கப்பட்ட கோழிக்கருவின் திசுக்களிலும் தொடர்ந்து வளர்க்கப்பட்டது. 89 ஆவது வளர்ப்புக்கும் 114 ஆவது வளர்ப்புக்கும் இடையே தீநுண்மம் வீரியத்தை இழந்திருந்தது. அதைச் செலுத்திய குரங்குகள் இறக்கவில்லை. அவற்றுக்கு எதிர்ப்புத் திறன் உண்டாயிற்று. டைலரும் ஹியூ ஸ்மித்தும் 1937 இல் இம்முடிவை வெளியிட்டனர். தீநுண்மத்தின் மரபுத்தொடரில் உள்ள ஏறத்தாழ 10,860 எழுத்துகளில் 68 மட்டுமே மாறியிருந்தன என்பது 1980களில்தான் அறியப்பட்டது.

1937 இல் பிரேசிலில் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. 1940க்கும் 1947க்கும் இடையில் ராக்பெல்லர் அறக்கட்டளை 2 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிமருந்துகளைத் தயாரித்தது.

1942 ஆம் ஆண்டின் விபத்து

மருந்து கெடாதிருக்க அதில் மனிதக் குருதித் தெளியம் (சீரம்) கலக்கப்பட்டது. தடுப்பூசி பெற்றோரிடம் மஞ்சட்காமாலை தோன்றியதால் பிரேசிலில் 1940 இலேயே அதன் பயன்பாடு கைவிடப்பட்டது. நியூயார்க்கில் அது தொடர்ந்தது. 1942 இல் அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ 50,000 பேர் கல்லீரல் அழற்சியால் பாதிக்கப்பட்டனர். அதன் பின்னரே அங்கும் தெளியம் நீக்கப்பட்டது. அது கல்லீரல் அழற்சி 'பி' என்பதும், ஏறத்தாழ 3,30,000 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்பதும் 1987 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. தடுப்பூசித் தீநுண்மத்தில் குறையில்லை. பிழை அதனுடன் கலந்த பொருளில் இருந்தது.

இறுதிக் காலம்

தடுப்பூசி ஒன்றுக்காக வழங்கப்பட்ட முதல் நோபல் பரிசு டைலர் பெற்றதே ஆகும். சுண்டெலிகளைத் தாக்கும் ஒரு தீநுண்மமும் அவர் பெயரால் வழங்கப்படுகின்றது. 1964 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், 1967 இல் ஓய்வு பெற்றார். 1972 இல் நியூ ஹேவன் நகரில் காலமானார்.

இன்றைய பயன்பாடு

காடுகளில் மஞ்சள் காய்ச்சல் குரங்குகளுக்கும் கொசுக்களுக்கும் இடையே சுழன்றுகொண்டிருப்பதால் அதை முற்றிலும் ஒழிக்க இயலாது. இந்நோய்த் தீநுண்மத்தை அழிக்கும் மருந்தும் இல்லை. எனவே தடுப்பூசியே முதன்மையான பாதுகாப்பு ஆகும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் அதன் பின்னரே செல்லுபடியாகும். முன்பு 10 ஆண்டுகளாக இருந்த சான்றிதழின் காலம், 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுமைக்கும் நீட்டிக்கப்பட்டது.

இது உயிருள்ள தீநுண்மம் கொண்ட ஊசி என்பதால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்புத் திறன் மிகவும் குன்றியவர்களுக்கும் போடப்படுவதில்லை. கோழிக்கருவில் வளர்க்கப்படுவதால் முட்டை கடுமையாக ஒவ்வாதவர்களும், அரிய பக்கவிளைவுகள் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால் 60 வயதைக் கடந்தவர்களும் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவேண்டும். டெங்கு, மலேரியா ஆகியவற்றை இவ்வூசி தடுக்காது என்பதால் கொசுக்கடியைத் தவிர்ப்பதும் இன்றியமையாதது.

இந்தியாவில் இந்நோயைப் பரப்பவல்ல ஏடிசு கொசு பெருமளவில் உண்டு. ஆனால் நோய் இல்லை. இதனாலேயே, நோய் உள்ள நாடுகளிலிருந்து உரிய சான்றிதழ் இன்றி இந்தியா வருவோர் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படுகின்றனர். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தில் இத்தடுப்பூசி போடப்படுகின்றது.