கபாபிளாங்காவை வென்றவருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஏன் 2024-ல்தான் கிடைத்தது?

செஸ் பார்ப்பவர் என்றால் ஆனந்த், குகேஷ், பிரக்ஞானந்தா உங்களுக்குத் தெரியும். மிர் சுல்தான் கான்? பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மித்தா திவானா கிராமத்துக்காரர். சின்ன வயதில் அப்பாவிடம் கற்றது இந்தியச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். சர்வதேச விதிகளுக்குப் பிறகுதான் மாறினார். 1929-ல் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933-லும் அவரேதான்.

அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது?

ஹேஸ்டிங்ஸ், 1930-31. எதிரில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்கா. ஓப்பனிங், குயின்ஸ் இந்தியன் டிஃபென்ஸ். வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான், 5-வது நகர்வில் ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். சும்மா தள்ளியது போலத் தெரியும். ஆனால் கறுப்பு மந்திரி வந்து குதிரையைக் கட்டிப்போட முடியாது. இந்த யோசனை இன்று பிற்கால உலக சாம்பியன் பெட்ரோசியன் பெயரில் இருக்கிறது.

பிறகு ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளை எடுத்தார். அவசரமே படவில்லை. 65 நகர்வுகளில் வெற்றி.

அப்புறம் ஏன் காணாமல் போனார்?

அவர் பயணம் முழுக்க உமர் ஹயாத் கானை நம்பித்தான் இருந்தது. 1933 கடைசியில் அவர் இந்தியா திரும்பியபோது சுல்தான் கானும் திரும்பினார். ஐரோப்பியப் போட்டிகள் அத்தோடு முடிந்தன. மொத்தம் ஐந்து வருஷம்கூட இல்லை.

1950-ல் ஃபிடே முதன்முதலாக 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. 1932-லேயே போட்டிகளை விட்டுவிட்ட ரூபின்ஸ்டைன் அதில் இருந்தார். 1931 பிராக் ஒலிம்பியாட்டில் அதே ரூபின்ஸ்டைனைத் தோற்கடித்த சுல்தான் கான் இல்லை. இத்தனைக்கும் அப்போது அவர் உயிரோடு இருந்தார். 1966-ல்தான் இறந்தார்.

2024 பிப்ரவரியில் ஃபிடே கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது, பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டராக. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், 1988-ல் பட்டம் பெற்ற ஆனந்த்தான். அது மாறவில்லை.

ஆனால் சாதனைப் பட்டியல்களைப் படிக்கும்போது ஒன்றை யோசிங்க: அதில் இடம்பெற திறமை மட்டும் போதாது, தொடர்ந்து ஆட வாய்ப்பும் வேண்டும்.