லாகூரில் கண்டறியப்பட்ட வினை: யார் இந்த கே. வெங்கடராமன்?

கரிம வேதியியலில் ஆட்களின் பெயரால் அழைக்கப்படும் வினைகளில் பெரும்பாலானவை ஐரோப்பியர் பெயரில்தான் இருக்கின்றன. சென்னையில் பிறந்த ஒருவரின் பெயரும் அங்கே உண்டு: பேக்கர்-வெங்கடராமன் மறுசீரமைப்பு வினை.

1901இல் பிறந்த கே. வெங்கடராமன், மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். பிறகு லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை. 1933இல் அங்கிருந்து அவரும், இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் தனித்தனியாக இந்த வினையை வெளியிட்டார்கள்.

அப்படி என்ன நடக்கிறது?

பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்த கார்பன்களில் ஒரு எஸ்டரும் ஒரு கீட்டோனும் இருக்கும். காரம் சேர்த்தால், கீட்டோனை ஒட்டிய கார்பன் ஒரு ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை பெறும். உடனே பக்கத்து எஸ்டரிலிருந்து அசைல் தொகுதியைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும்.

இதே இரண்டும் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் இருந்தால்? அணுக்கள் அதேதான், ஆனால் ஒன்றுக்கொன்று எட்டாது. மூலக்கூறுக்குள் இந்த இடமாற்றம் நடக்காது.

கிடைத்த பொருளை அமிலத்துடன் சூடாக்கினால் ஃபிளேவோன் வரும். தாவரங்களின் பல மஞ்சள் நிறமிகளுக்கு அதுதான் அடிப்படைச் சட்டகம்.

பின்னர் பம்பாயில் சாய வேதியியலை வளர்த்த வெங்கடராமன், 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1981இல் காலமானார். ஃபிளேவோன் தயாரிக்க அவர் காட்டிய வழி இன்றும் ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது.